அரெட்ஸோவில் பழைய கடிகாரம் வாங்குவோருக்கு

இத்தாலியின் அரெட்ஸோ நகரில் 1968 முதல் பழம்பொருள் சந்தை கூடுகிறது. மாதந்தோறும் முதல் ஞாயிறும் அதற்கு முந்தைய சனியும் பியாட்ஸா கிராந்தேயைச் சுற்றிக் கடைகள் விரியும். கடிகாரப் பிரியர்கள் நாலு வாக்கியம் கற்றுக்கொண்டு போவது நல்லது.

செய்ய வேண்டியவை

• முதலில் "புவோன்ஜோர்னோ" என்று வணக்கம் சொல்லுங்கள். பிறகு "போஸ்ஸோ வெதேர்லோ?" (பார்க்கலாமா?).

• விலைக்கு முன் "ப்வோ அப்ரீரே லா காஸ்ஸா?" என்று பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். துரு இருக்கிறதா, திருகுகளின் தலை சிதைந்திருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே வேறு பெயர் இருப்பதாலேயே போலி என்று முடிவு கட்ட வேண்டாம். பெரிய நிறுவனங்களும் பிறர் செய்த இயந்திரத்தை வாங்கிப் பொருத்தியதுண்டு.

• "இல் க்வத்ராந்தே எ ஒரிஜினாலே ஓ ரிஸ்தம்பாதோ?" டயல் அசலா, மறுபடி அச்சடித்ததா? வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எழுத்து தடித்து, நிமிடக்கோடுகள் மணிக்குறிகளோடு பொருந்தாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள். பளபளக்கும் புது அச்சைவிடப் பழுப்பேறிய அசல் டயலே மேல்.

• "க்வாந்தோ எ ஸ்தாதோ ரெவிஸியொனாதோ?" கடைசியாக எப்போது சர்வீஸ் செய்தது? ஓடுகிறது என்பது மட்டும் போதாது. எண்ணெய் காய்ந்த கடிகாரமும் சில நாள் ஓடும், உள்ளே தேய்ந்துகொண்டே.

• "க்வாந்தோ கோஸ்தா?" (என்ன விலை?), "மி ஃபா உனோ ஸ்கோந்தோ?" (குறைத்துத் தருவீர்களா?).

செய்யக்கூடாதவை

• "போஸ்ஸோ கரிகார்லோ?" (சாவி கொடுக்கலாமா?) என்று கேட்காமல் சாவி கொடுக்காதீர்கள்.

• இருட்டில் ஒளிர்வதற்கு ரேடியம் பூசிய பழைய டயலின் கண்ணாடியை நீங்களே கழற்றாதீர்கள். ஒளி மங்கினாலும் கதிரியக்கம் போகாது. உதிரும் தூளை மூச்சில் இழுப்பது ஆபத்து.

• பெண்டுலத்தோடு சுவர்க்கடிகாரத்தைத் தூக்காதீர்கள். பெண்டுலத்தைத் தாங்கும் மெல்லிய எஃகுத்தகடு முறிந்துவிடும். "ப்வோ தோல்யெரே இல் பெந்தோலோ?" என்றால் கடைக்காரரே கழற்றித் தருவார்.

• பேசிய விலைக்கு "வா பேனே" (சரி) சொன்னபின் பின்வாங்காதீர்கள். தயக்கம் இருந்தால் "ச்சி பென்ஸோ, க்ராட்ஸியே" (யோசிக்கிறேன், நன்றி) போதும்.

• ரசீது இல்லாமல் நகராதீர்கள்: "மி ஃபா உனா ரிச்செவூதா?" 70 ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருளை நாட்டைவிட்டு எடுத்துப்போக இத்தாலியில் விதிகள் உண்டு; மதிப்பு 13,500 யூரோவைத் தாண்டினால் அரசின் அனுமதியே வேண்டும். "செர்வே உன் பெர்மெஸ்ஸோ பெர் லெஸ்போர்தாட்ஸியோனே?" என்ற கேள்வியைப் பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.