நரைக்கு மருதாணியா, அவுரியா?

நாட்டு மருந்துக் கடையில் போய் “நரைக்கு ஏதாவது கொடுங்க” என்று கேட்டால் மருதாணி, அவுரி, கரிசலாங்கண்ணி, நெல்லிமுள்ளி, செம்பருத்தி என்று நாலைந்து பொட்டலம் கைக்கு வந்துவிடும். இவற்றில் வெள்ளை முடியில் பிடித்து நிற்கும் சாயம் மருதாணியிலும் அவுரியிலும்தான் இருக்கிறது. மற்றவை கூந்தல் பராமரிப்புக்கு ஆகும், நரையை மறைக்காது. இரும்புச் சட்டியில் ஊறிய நெல்லிப் பொடி கறுப்பது உண்மைதான். நெல்லியின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து தரும் கறுப்பு அது; மருதாணியின் சிவப்பைச் சற்று மட்டுப்படுத்தும், அவ்வளவே. பீட்ரூட் சாறும் காபி டிகாஷனும் இரண்டு குளியலில் போய்விடும்.

தலையில் அங்கங்கே பத்திருபது வெள்ளை முடி மட்டும் என்றால் மருதாணி ஒன்றே போதும். கறுப்பு முடியில் அது பெரிதாகத் தெரியாது. நரைத்த இழைகள் மட்டும் செம்பு நிறத்தில் மின்னும். தோள்வரை முடி உள்ளவருக்கு 100 கிராம் பொடி வேண்டும். ஆறிய தேயிலை டிகாஷனில் எலுமிச்சைச் சாறு கொஞ்சம் விட்டு, தோசை மாவுப் பதத்தில் கரைத்து இரவு முழுக்க மூடி வையுங்கள். இலையிலிருக்கும் லாசோன் என்ற சாயம் வெளியே வர அந்த நேரம் தேவை. பூசியபின் மூன்று மணி நேரம் விட்டு, வெறும் தண்ணீரில் அலசுங்கள். அன்று பளீரென்ற ஆரஞ்சாக இருக்கும். பதற வேண்டாம், இரண்டு நாளில் அடர்ந்துவிடும்.

பாதித் தலை நரைத்தவர்களுக்கு அந்தச் சிவப்பு பிடிக்காது. அவர்களுக்குத்தான் அவுரி. பலர் தோற்பதும் இதில்தான், ஏனென்றால் மருதாணியைப் போலவே இதையும் இரவே ஊறவைத்துவிடுகிறார்கள். அவுரிக்கு எலுமிச்சையும் ஆகாது, காத்திருப்பும் ஆகாது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்போடு கரைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். பச்சைக் குழம்பின் மேல் காற்றுப்பட்ட இடம் மட்டும் நீலம் பாய்ந்து கறுக்கத் தொடங்கும். கரண்டியால் கிளறினால் அடியில் இன்னும் பச்சைதான். அந்த நேரத்தில் உடனே பூசிவிட வேண்டும். கிண்ணத்திலேயே முழுக்க நீலமாகிவிட்டால் முடிக்குள் இறங்க அதில் ஒன்றும் மிச்சமிருக்காது.

இரண்டையும் ஒன்றாகக் கலந்து ஒரே தடவையில் பூசலாமா? பழுப்பு நிறம் போதுமென்றால் பூசலாம். ஊறிய மருதாணியில், அப்போதே கரைத்த அவுரியைச் சம அளவு சேர்த்து இரண்டு மணி நேரம் வையுங்கள். நல்ல கறுப்பு வேண்டுமென்றால் குறுக்குவழி கிடையாது. முதலில் மருதாணி பூசி அலச வேண்டும், அதன்மேல் அவுரியை ஒன்றரை மணி நேரம். நரைமுடியில் மருதாணி இல்லாமல் அவுரியை மட்டும் பூசினால் நீலமோ பச்சையோ அடித்துப்போகும். இரண்டு கட்டத்துக்கும் சேர்த்து அரை நாள் போய்விடும்தான். ஆனால் நிறைய நரைத்த தலைக்கு நான் சொல்வது இதைத்தான். அலசிய பின் இரண்டு நாள் ஷாம்பு வேண்டாம், கறுப்பு ஏறட்டும். பிறகு மாதம் ஒருமுறை வகிட்டிலும் காதோரத்திலும் வேர்ப்பகுதிக்கு மட்டும் பூசினால் போதும்.

நீர்க்கோவை, சைனஸ் தொந்தரவு உள்ளவர்கள் மார்கழிக் காலையில் இதில் இறங்க வேண்டாம். வெயில் ஏறிய பிறகு, நேரத்தைக் குறைத்துப் பூசுங்கள். கைக்குழந்தைகளுக்கு மருதாணி எந்த வடிவிலும் வேண்டாம். ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு இருந்தால் மருதாணி ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது “கறுப்பு மருதாணி” என்று விற்கப்படும் பொட்டலங்கள்தான். மருதாணிப் பொடி பச்சையாக இருக்கும், அவுரிப் பொடியும் பச்சைதான். எந்த இலையை அரைத்தாலும் கறுப்புப் பொடி வராது. அரை மணி நேரத்தில் கறுப்பாக்கும் பொடியில் பெரும்பாலும் பி.பி.டி. என்ற ரசாயனச் சாயம் கலந்திருக்கும். ஒவ்வாதவர்களுக்கு உச்சந்தலை கொப்பளித்து, இமைகள் வீங்கிக் கண் திறக்க முடியாமல் போகும். பொட்டலத்தைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். இலையின் பெயர் தவிர வேறு எது இருந்தாலும் வாங்காதீர்கள். சுத்தமான பொடியையும் முதலில் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டுத் தடவி, இரண்டு நாள் பார்த்த பிறகே தலைக்குப் போடுங்கள்.