காப்பிப் பழத்தின் சிவப்பு

அன்புள்ள தம்பிக்கு,

கொட்டச்சேட்டுக் காப்பிப் பழப் படங்கள் வந்தன. பழங்கள் ஒரே சிவப்புத் திட்டாகத் தெரிகின்றன, அடோபி ஆர்ஜிபி என்ற கலர் ஸ்பேஸுக்கு மாறினால் சரியாகுமா என்று கேட்டிருந்தாய். ஆகாது. கலர் ஸ்பேஸ் பெரிதானால் எல்லா நிறமும் கூடிவிடும் என்று யார் சொன்னாலும் எனக்குப் பொறுக்காது.

சிஐஇ நிற வரைபடத்தை எடுத்துப் பார். வழக்கமான கலர் ஸ்பேஸான எஸ்ஆர்ஜிபியின் சிவப்பு முனை 0.64, 0.33. அடோபி ஆர்ஜிபிக்கும் அதே இடம்தான். நீல முனையும் மாறவில்லை. பச்சை மட்டும் 0.30, 0.60-லிருந்து 0.21, 0.71-க்கு நகர்ந்திருக்கிறது. ஆதாயம் பெரும்பாலும் பச்சைக்கும் பச்சைநீலத்துக்கும்தான். அடோபி ஆர்ஜிபியின் கதையை நான் விரும்பிப் படித்திருக்கிறேன். 1998-ல் அடோபி நிறுவனம் ஒரு தொலைக்காட்சித் தரத்தின் எண்களை எடுத்தபோது தவறான எண்கள் உள்ளே வந்துவிட்டன. அச்சுக்கு மாற்றும்போது அவையே நன்றாக உதவியதால், பெயரை மட்டும் மாற்றி வைத்துக்கொண்டார்கள். அதைப் போய்ச் சிவப்புக்கு மருந்தாகக் கேட்கிறாயே!

உண்மையான சிக்கல் வேறு. உன் படத்தில் சிவப்புச் சேனல் 255-ல் முட்டி நிற்கிறது. ஹிஸ்டோகிராமில் அந்தச் சேனலைத் தனியாகப் பார். ரா கோப்பில் எக்ஸ்போஷரைக் குறை, சாச்சுரேஷனைத் தொடாதே. ரா கோப்பிலேயே சிவப்பு முட்டியிராவிட்டால், பழத்தின் வளைவும் மினுக்கமும் திரும்பி வரும். இன்னும் பெரிதான புரோஃபோட்டோ கலர் ஸ்பேஸ் வேண்டுமென்றால் 16 பிட்டில் மட்டும் வேலை செய். 8 பிட்டின் 256 படிகளை அவ்வளவு அகலத்துக்கு இழுத்தால் வானத்தில் வரி வரியாய்த் தெரியும். அதன் மூலைகளில் இருக்கும் சில நிறங்களை மனிதக் கண் காணவே முடியாது.

மானிட்டரைக் காலிபரேட் செய்ததாக எழுதியிருக்கிறாய். 6500 கெல்வின், காமா 2.2 சரி. வெளிச்சத்தைச் சதுர மீட்டருக்கு 100 கேண்டெலா அளவில் வை. காலிபரேட் செய்யும் கருவியை வைக்குமுன் திரை அரைமணி நேரம் எரியட்டும். ஆனால் உன் ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக்கும் காப்பிச் செடியும். அறைக்குள் வருவது பச்சை தோய்ந்த வெளிச்சம். கண் அதற்குப் பழகிக்கொண்டு, சிவப்பை மாற்றிக் காட்டும். மூடுபனி இறங்கினால் அறையே இருண்டுவிடும். எந்தக் கருவியும் இதைத் திருத்தாது. தடித்த சாம்பல் நிறத் திரைச்சீலை போட்டு, தினமும் ஒரே விளக்கில் வேலை செய்.

இணையத்துக்கு எஸ்ஆர்ஜிபிக்குக் கன்வெர்ட் செய்து, புரோஃபைலோடு சேமி. அசைன் செய்யாதே, அது எண்களை அப்படியே வைத்துவிட்டு நிறத்தை மாற்றிவிடும். அச்சுக்கென்றால் அச்சகத்தாரிடம் அவர்கள் காகிதத்துக்கான புரோஃபைலை முதலில் கேட்டு வாங்கு.

நீ அனுப்பியவற்றில் உள்ள கூடைப் படத்தின் ரா கோப்பை அனுப்பு. சிவப்பில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்த்து எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் ஆசிரியர்