காற்றுக்கும் பாடு உண்டா?

அண்மையில் அலுவல் நிமித்தமாகப் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றிற்கு நாம் சென்றிருந்தபோது, இளைஞர் ஒருவர் சிறு மிதவை ஒன்றை நம்மிடம் காட்டினார். அதன் தலையில் ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. "ஐயா, இதை வலையோடு கட்டிவிட்டால், இருட்டிலும் வலை கிடக்கும் இடத்தைத் திரையில் காட்டுமாம். வெளிநாட்டில் செய்தது, விலையும் மலிவு. வாங்கலாமா?" என்று அவர் வினவினார். அருகிலிருந்த பெரியவர், "வாங்குவதற்கு என்ன தடை? தண்ணீருக்குப் பாடு உண்டு, காற்றுக்குமா பாடு?" என்று சிரித்தார். அவ்வினாவிற்கு அன்று நம்மால் தெளிவான விடை கூற இயலவில்லை. இக்கட்டுரையே அவ்விடையாகும்.

பாடு என்னும் ஒழுங்கு

பழவேற்காடு ஏரி நம் நாட்டின் உவர்நீர் ஏரிகளுள் சிலிகாவிற்கு அடுத்த பரப்புடையது. ஆந்திரமும் தமிழகமும் பகிர்ந்துகொள்வது. இங்கே கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாக்குப்பம் ஆகிய ஊர்களில் பாடு முறை நெடுங்காலமாக வழங்கி வருகிறது. இறால் மிகுதியாகக் கிடைக்கும் இடங்கள் சிலவே. அவற்றை நாடுவோர் பலர். ஆகவே, இன்ன நாளில் இன்னார் இன்ன இடத்தில் வலை கட்டலாம் என்று முறை வகுத்துக்கொண்டனர். பாட்டில் இடமில்லாத ஏழை மக்களோ, ஆழமற்ற நீரில் கையால் தடவி இறால் பிடித்துப் பறியில் இட்டுக்கொள்கின்றனர். அவர்களுடைய கை எட்டும் தூரம் சிறிது. பிறர் வலைக்கு அதனால் இடையூறு நேர்வது அரிது.

இவ்விரு வழக்கங்களையும் மனத்திற் கொண்டால், வானொலி அலைகளின் பங்கீடு எளிதில் விளங்கும்.

அலைகளின் பங்கீடு

வானொலி, செல்பேசி, கப்பல் தந்தி ஆகிய எல்லாம் மின்காந்த அலைகளாலேயே இயங்குகின்றன. ஓர் அலை ஒரு நொடியில் எத்தனை முறை அதிர்கிறதோ, அதுவே அதன் அதிர்வெண். நொடிக்குப் பத்து இலட்சம் அதிர்வுகளை ஒரு மெகாஹெர்ட்ஸ் என்பர். ஒரே இடத்தில், ஒரே அதிர்வெண்ணில், ஒரே நேரத்தில் இருவர் பேசினால் இருவர் பேச்சும் கெடும். ஒரே பாட்டில் இருவர் வலை கட்டியது போலத்தான்.

அலைகளுக்கு நாட்டெல்லை தெரியாது. ஆதலால் நாடுகள் ஒன்றுகூடி விதி வகுக்க வேண்டியதாயிற்று. 1865ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் சர்வதேசத் தந்திச் சங்கம் தோன்றியது. 1869 முதல் இந்தியா அதன் உறுப்பு. 1906இல் பெர்லின் மாநாடு கம்பியில்லாத் தந்திக்கு முதல் உடன்படிக்கையைக் கண்டது. இன்று சர்வதேசத் தொலைத்தொடர்புச் சங்கம் என்னும் பெயருடன், ஐக்கிய நாடுகளின் சிறப்பு நிறுவனமாக அது ஜெனீவாவில் இயங்குகிறது. உலகை மூன்று மண்டலங்களாகப் பிரித்து, எந்த அலைவரிசை எந்தப் பணிக்கு என்று அது வரையறுத்துள்ளது. ஐரோப்பாவும் ஆப்பிரிக்காவும் முதல் மண்டலத்தையும், அமெரிக்கக் கண்டங்கள் இரண்டாம் மண்டலத்தையும், இந்தியா உள்ளிட்ட ஆசிய நாடுகள் பல மூன்றாம் மண்டலத்தையும் சேர்ந்தவை.

சிறு கருவிகளின் நிலை

பெரிய நிலையங்களுக்கு உரிமம் உண்டு. அவை பாட்டில் பெயருள்ளவர்களை ஒப்பன. ஆனால் மிகக் குறைந்த ஆற்றலுடன் சிறிது தூரமே எட்டும் கருவிகள் கோடிக்கணக்கில் உள்ளன. இறால் குட்டையின் நீரளவை அறிவிக்கும் உணர்கருவியும், வீட்டிலுள்ள வைஃபையும், வண்டியின் கதவைத் திறக்கும் சாவியும் இவ்வகையின. ஒவ்வொன்றிற்கும் உரிமம் கேட்பது நடைமுறைக்கு ஒவ்வாது. எனவே இவற்றுக்கென்று சில அலைவரிசைகளை அரசு உரிமம் இன்றித் திறந்து விடுகிறது. இவை கையால் இறால் பிடிப்போரை ஒப்பன. இவற்றுக்கு நிபந்தனைகள் இரண்டு: உரிமம் பெற்றோர்க்கு இடையூறு செய்தல் ஆகாது; தமக்கு இடையூறு நேர்ந்தால் காப்பு வேண்டும் என்று கேட்கவும் ஆகாது.

நம் நாட்டில் 2005ஆம் ஆண்டு 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலும், 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையிலும் இவ்வாறு திறந்து விடப்பட்டன. முன்னதன் மேலெல்லை 2021இல் 868 ஆக உயர்த்தப்பட்டது. ஆற்றலுக்கும் வரம்பு உண்டு.

ஒத்திசைவு ஏன் வேண்டும்?

இடர்ப்பாடு இங்கேதான் எழுகிறது. 2400 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய வரிசை ஏறக்குறைய உலகம் முழுவதற்கும் பொது. அதனால்தான் எந்த நாட்டில் செய்த செல்பேசியும் எந்த ஊர் வைஃபையுடனும் இணைகிறது. அதற்குக் கீழ்ப்பட்ட வரிசைகளிலோ இவ்வொற்றுமை இல்லை. ஐரோப்பாவில் 863 முதல் 870 வரையிலும், அமெரிக்காவில் 902 முதல் 928 வரையிலும் சிறு கருவிகள் இயங்குகின்றன.

அமெரிக்காவுக்கென்று செய்த உணர்கருவி ஒன்றை இங்கே கொணர்ந்து இயக்கினால் நேர்வது என்ன? நம் நாட்டில் 890 முதல் 915 வரையிலான அலைகள், செல்பேசியிலிருந்து கோபுரத்திற்குச் செல்லும் பேச்சுக்கு உரியவை. கோபுரத்தின் அருகே அக்கருவி ஓயாது ஒலித்தால், தொலைவிலிருந்து வரும் மெல்லிய குரல் கோபுரத்தின் செவியில் விழாது. முகத்துவாரத்தைத் தாண்டிச் சென்ற படகிலிருந்து ஒருவர் உதவி கேட்டு அழைக்கும்போது அவ்வாறு நேருமானால், விளையும் கேட்டை விளக்க வேண்டுவதில்லை.

கருவியை இங்குள்ள வரிசைக்கு மாற்றிக்கொள்ளலாகாதா எனின், அது எளிதன்று. அலையின் நீளத்திற்கேற்ப அலைக்கம்பியின் நீளமும், உள்ளிருக்கும் வடிகட்டிகளும் அமைகின்றன. 866 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 35 சென்டிமீட்டர். ஒரு வரிசைக்கு அமைந்தது மற்றொன்றில் செவ்வையாக இயங்காது.

இதனைக் கருதியே சர்வதேசத் தொலைத்தொடர்புச் சங்கம், சிறு கருவிகளுக்கு உலகம் முழுவதற்கும் அல்லது மண்டலம் முழுவதற்கும் பொதுவாகத்தக்க வரிசைகளைப் பரிந்துரையாக வெளியிட்டுள்ளது. பரிந்துரை கட்டளையன்று, ஏற்பது அந்தந்த நாட்டின் விருப்பம். ஆயினும் நாடுகள் ஒத்துச் செல்லச் செல்ல, கருவியின் விலை குறையும். மீனவரும் உழவரும் பயன் பெறுவர்.

வலை மிதவையின் கதை

இனி, இளைஞரின் மிதவைக்கு வருவோம். பெரிய கப்பல்கள் தம் பெயர், இடம், வேகம் ஆகியவற்றை 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸ் ஆகிய இரு தடங்களில் தாமாகவே அறிவித்தவண்ணம் செல்லும். ஒவ்வொரு தடத்திலும் ஒரு நிமிடம் 2250 கூறுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு கப்பலும் தனக்கென்று கூறுகளைக் குறித்துக்கொள்கிறது. கடலிலும் பாடு முறையே நடக்கிறது என்பதில் ஐயமில்லை.

உலகச் சந்தையில் மலிவாக விற்கும் வலை மிதவைகள் பல இத்தடங்களிலேயே ஒலித்தன. வலை ஒவ்வொன்றும் மாலுமியின் திரையில் கப்பலாகத் தோன்றிற்று. எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள் இருக்க, கப்பல்கள் இடையறாது செல்லும் நம் கடலில் இத்தகைய போலிக் குறிகள் பெருகினால், மெய்யான கப்பலை அடையாளம் காண்பது அரிதாகும். முதற்கண் இடருக்கு உள்ளாவது சிறு படகே.

இதற்குத் தீர்வாக, 2019ஆம் ஆண்டு எகிப்தில் நடைபெற்ற உலக வானொலி மாநாடு, கப்பற் போக்குவரத்தின் காவலுக்குரியன அல்லாத இத்தகைய மிதவைகளுக்கு 160.9 மெகாஹெர்ட்ஸ் என்னும் தனித் தடத்தை ஒதுக்கியது. ஆற்றல் வாட்டில் பத்தில் ஒரு பங்கிற்கு மேற்படலாகாது. அலைக்கம்பி கடல் மட்டத்திற்கு ஒரு மீட்டருக்கு மேல் உயரலாகாது. தடையொன்றை மட்டும் விதிக்காமல், வலையிடுவோனுக்கும் தனியிடம் ஒன்றை அளித்தது அம்மாநாட்டின் சிறப்பாகும்.

நாம் செய்யத்தக்கவை

1. கம்பியில்லாக் கருவி எதனையும் வாங்குமுன், அதன் மேல் பொறித்துள்ள அதிர்வெண்ணையும் ஆற்றலையும் படித்தறிக. அவை பொறிக்கப்படாத கருவியைத் தொடவேண்டா.

2. மத்திய அரசின் கம்பியில்லாத் திட்ட ஒருங்கிணைப்புப் பிரிவு வழங்கும் கருவி வகை ஒப்புதல் உண்டா என்று விற்பவரைக் கேட்க.

3. வலை மிதவை வாங்கும் எண்ணமுடையோர் முதலில் மீன்வளத் துறை அலுவலரைக் கலந்துகொள்க. 160.9 மெகாஹெர்ட்ஸ் கருவியாயினும், நம் அரசின் அனுமதி இன்றியமையாதது.

4. படகிலுள்ள கடல் வானொலியில் 16ஆம் தடம், அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ், ஆபத்து அழைப்புக்கும் முதல் தொடர்புக்கும் உரியது. அதில் வீண் பேச்சு வேண்டா.

அந்த இளைஞரின் மிதவையில் 162.025 என்ற எண் பொறித்திருந்ததை நாம் குறித்து வந்தோம். ஆகவே, அதனைக் கடலில் இறக்க வேண்டா என்பதே நம் விடை. வலையைத் தேடி அவர் அலையும் இரவுகள் மெய்யானவை. அவர் தேவையும் நியாயமானது. உரிய தடத்தில் இயங்கும் ஒப்புதல் பெற்ற கருவி, மீனவர்க்குக் கட்டுப்படியான விலையில் கிடைக்கச் செய்வது அரசினரும் கூட்டுறவுச் சங்கங்களும் மேற்கொள்ள வேண்டிய கடமையாகும்.

பெரியவர் கேட்ட வினாவிற்கும் விடை கூறி முடிப்போம். ஆம், காற்றுக்கும் பாடு உண்டு. ஏரியின் பாட்டை ஊர் கூடி வகுத்தது; காற்றின் பாட்டை உலகு கூடி வகுக்கிறது. முன்னதைக் காத்து வரும் நம் மீனவப் பெருமக்களுக்குப் பின்னதைக் காப்பதும் அரிதன்று.