பண்டை மருத்துவரும் மனித உடலும்

காசிமேட்டுக் கடற்கரையில் மீன்பிடிப்போர் குடியிற் பிறந்தவன் யான். ஒருநாள், கடும் வெயிலிற் கடலினின்று மீண்ட தந்தையார் தலைசுற்றி வீழ்ந்தார். “பித்தம் தலைக்கேறிவிட்டது” என்றார் பாட்டியார். பள்ளியில் உடற்கூற்று நூல் சிறிது கற்ற செருக்கினால் யான் நகைத்தேன். அந்நகைப்பு தகுமோ என்பதை ஈண்டு ஆராய்வாம்.

பாட்டியார் கூறியது தாமே புனைந்த சொல்லன்று. ஒரு பெருங்கொள்கையின் எச்சமாம். ஐம்பூதங்களாலாய உலகின் இயல்பே உடலிலும் உளது என்பது நம் முன்னோர் துணிபு. வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றும் முறையே 1, ½, ¼ மாத்திரை அளவில் நிற்பின் நலம். அளவு பிறழின் பிணி என்பர் சித்த மருத்துவர். நோயாளியின் மணிக்கட்டில் விரல் வைத்து, சுட்டுவிரலால் வாதத்தையும், நடுவிரலால் பித்தத்தையும், மோதிரவிரலால் கபத்தையும் அவர் உணர்ந்தனர். இடைக்கால ஐரோப்பியரும் கிரேக்கரைப் பின்பற்றிக் குருதி, கபம், மஞ்சட்பித்தம், கரும்பித்தம் என நான்கு கொண்டனர்.

இத்தகைய மருத்துவம் ஏட்டளவில் நின்றதோ எனின், அன்று. காஞ்சிபுரம் மாவட்டத்துத் திருமுக்கூடற் கோயிலில், 11-ஆம் நூற்றாண்டில் ஆண்ட வீரராசேந்திர சோழனின் கல்வெட்டு ஒன்றுளது. அது கூறும் ஆதுலர்சாலையிற் படுக்கைகள் 15. மருத்துவர் ஒருவர், அறுவை செய்வார் ஒருவர், மருந்து கொணர்வார் இருவர், பணிமகளிர் இருவர் ஆகியோர்க்கு ஊதியம் வரையறுக்கப்பட்டது. மருத்துவர்க்கு ஆண்டொன்றுக்கு நெல் 90 கலமும் காசு 8-உம் ஆம். ஆயினும் அச்சாலை ஊரார் அனைவர்க்கும் உரியதன்று. ஆங்குக் கற்ற மாணாக்கர்க்கும் கோயிற் பணியாளர்க்குமே அமைந்தது.

முன்னோர் கொள்கையிற் குறையும் உண்டு. குருதி இதயத்தினின்று புறப்பட்டு உடல் முழுதும் சுழன்று மீள்வதை 1628-இல் வில்லியம் ஆர்வி வெளியிட்டார். நோய் விளைக்கும் நுண்ணுயிர்களோ 19-ஆம் நூற்றாண்டிலேயே தெளிவுற விளங்கின. இவற்றை அறிந்த பின்னரும் பழமை யாவும் மெய்யெனல் அறிவுடைமையாகாது.

நிற்க. அன்று பாட்டியார் செய்தது யாது? தந்தையாரை நிழலிற் கிடத்தினார். ஈரத்துணியால் உடலைத் துடைத்தார். தெளிந்தபின் உப்பிட்ட நீர்மோர் பருகத் தந்தார். வெயிலில் வியர்த்து நீரும் உப்பும் இழந்தவர்க்கு இன்றைய மருத்துவரும் நிழலும் நீரும் உப்புமே வேண்டுவர். பாட்டியார் கூறிய காரணம் பிழை. செய்த உதவி பிழையன்று. யானோ காரணம் அறிந்தவனாய் நகைத்து நின்றேனேயன்றி, ஒரு குவளை நீரும் கொணர்ந்தேனில்லை.