குடியும் மனநோயும்: இரண்டுக்கும் ஒருசேர மருந்து

மது ஹராம் என்பதை அறியாத முஸ்லிம் வீடு இல்லை. ஆயினும் நம் வீடுகள் சிலவற்றில் குடியும் கஞ்சாவும் போதை மாத்திரையும் நுழைந்துவிட்டன என்பதை நாம் மறைக்க இயலாது. அப்பழக்கத்தில் சிக்கியவர் அழுது தௌபாச் செய்கிறார், சில நாள் விலகி இருக்கிறார், மீண்டும் விழுகிறார். வீட்டாரோ, "இவன் ஈமான் அற்றவன்" என்று ஒதுக்கிவிடுகின்றனர். இத்தகையோரில் பலருக்கு உள்ளே வேறொரு நோயும் இருக்கக்கூடும் என்பதை நாம் உணர வேண்டும்.

தீராத மனச்சோர்வு, காரணமற்ற அச்சம், உறக்கமின்மை, காதில் யாரோ பேசுவது போன்ற ஒலி ஆகியவற்றை மறக்கவே சிலர் குடியை நாடுகின்றனர். சற்று நேரம் துன்பம் தணியும். பின்னர் முன்னிலும் மிகும். வேறு சிலருக்குக் குடியே மனநோயைக் கொண்டுவருகிறது. எது முதலில் வந்தாலும் ஒன்று மற்றொன்றை வளர்க்கிறது. எனவே, "முதலில் குடியை விடு, மனதைப் பிறகு பார்ப்போம்" என்பது சரியன்று. இரண்டுக்கும் ஒரே காலத்தில் சிகிச்சை தேவை.

இது நமக்குப் புதிய கருத்தன்று. கி.பி. 934-ல் மறைந்த அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ அவர்கள், உடலும் உள்ளமும் இணைந்தவை, ஒன்றின் நோய் மற்றதையும் வருத்தும் என்று விளக்கி, இரண்டின் நலத்துக்கும் சேர்த்தே ஒரு நூல் எழுதினார்கள்.

வீட்டார் கவனிக்க வேண்டியவை:

1. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவரை அறையில் பூட்டித் திடீரென நிறுத்தச் செய்யாதீர்கள். இரண்டு மூன்று நாட்களுக்குள் வலிப்பும் பிதற்றலும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் மேற்பார்வையிலேயே நிறுத்த வேண்டும்.

2. மருத்துவரிடம் குடியையும் மனத்துன்பத்தையும் சேர்த்தே சொல்லுங்கள். குடியால் மட்டும் வந்த சோர்வு, குடியை விட்ட சில வாரங்களில் பெரும்பாலும் குறையும். குறையாவிடில் அதற்கெனத் தனி மருந்து தேவைப்படலாம்.

3. நலமடைந்ததும் மருந்தைத் தாமாக நிறுத்தலாகாது. ரமளானுக்கு முன்பே மருத்துவரைக் கேளுங்கள். லித்தியம் போன்ற மருந்து உண்பவருக்கு, உடலில் நீர் குறைந்தால் அம்மருந்தின் அளவு இரத்தத்தில் கூடி ஆபத்து நேரலாம். நோயாளிக்கு மார்க்கம் நோன்பில் சலுகை அளித்துள்ளதன்றோ?

4. சங்கிலி வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பற்றியபோது, கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்ப வழியின்றி 28 பேர் மாண்டனர். 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. குடியாலும் போதையாலும் வரும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோயாகவே ஏற்கிறது. 14416 என்ற அரசின் இலவசத் தொலைபேசியில் இரவும் பகலும் ஆலோசனை பெறலாம்.

துஆவும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல. சிகிச்சை செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்களே ஏவியுள்ளார்கள். பலமுறை குடித்துத் தண்டனை பெற்ற ஒருவரைத் தோழர் ஒருவர் சபித்தபோது, நபியவர்கள் அதைத் தடுத்து, அவர் அல்லாஹ்வையும் ரஸூலையும் நேசிப்பவர் என்று எடுத்துரைத்த செய்தி புகாரியில் உள்ளது. குற்றத்தைக் குற்றம் என்றே சொல்லுவோம். ஆனால் மனிதரைக் கைவிடாதிருப்போம்.

நோயுற்ற நம் பிள்ளைகளுக்கு வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவையும், அவர்களைப் பராமரிப்போருக்குப் பொறுமையையும் தந்தருள்வானாக! ஆமீன்.