கடை அடைத்த பின் மிஸ்வாக்

ஸுபுஹுக்கு எழுந்ததும் பல் துலக்க நம் தெலுக் பங்லிமா காராங் வியாபாரப் பெருமக்கள் தவறுவதில்லை. இரவில்தான் தவறுகிறோம். பகலெல்லாம் கல்லாவில் அமர்ந்து, வருவோர் போவோருடன் சீனி கலந்த தேநீரை மிடறு மிடறாகப் பருகி, கடை அடைத்து, உண்ட களைப்பில் அப்படியே சாய்ந்து விடுகிறோம்.

கெடுதல் இங்கேதான். பல்லில் ஒட்டியுள்ள கிருமிகள் சீனியை அமிலமாக்க, அது பல்லை அரிக்கிறது. பகலில் உமிழ்நீர் அதனை ஓரளவு கழுவிவிடும். உறக்கத்தில் உமிழ்நீர் குறைந்து விடுமாகையால், காவலில்லாக் கடையாகிறது வாய்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் நுழைந்ததும் முதலில் செய்தது மிஸ்வாக்கே என அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்தது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. கடை அடைத்து வீடு திரும்புவோருக்கு இதைவிடப் பொருத்தமான ஸுன்னத் எது? வீட்டில் உண்பவர், உண்ட பின் மறுபடியும் துலக்குக.

மிஸ்வாக் குச்சியின் நுனித் தோலைச் சீவி, மென்று நாராக்கி, ஈறிலிருந்து பல்நுனி நோக்கி மெதுவாகத் தேய்க்க வேண்டும். கடைவாய்ப் பல்லின் உட்புறத்துக்குக் குச்சி எளிதில் எட்டாது. அங்கே மெல்லிய நாருள்ள பிரஷும் புளோரைடு பற்பசையும் வேண்டும். இரண்டு நிமிடம் துலக்கி நுரையைத் துப்பினால் போதும். வாய் நிறையக் கொப்பளித்தால் மருந்தும் போய்விடும். ஆகவே, இஷா தொழுகைக்குப் பின் துலக்குவது நலம். மலேசியக் குடிநீரில் புளோரைடு சேர்ப்பது 1972 முதல் அரசுக் கொள்கை; அதை நம்பிப் பற்பசையை விட்டுவிடலாகாது.

ஈறில் இரத்தம் கண்டதும் துலக்குவதை நிறுத்துவோர் உண்டு. அது தவறு, அழுக்குத் தங்கியதாலேயே பெரும்பாலும் இரத்தம் வருகிறது. இரண்டு வாரத்தில் நிற்காவிடில் பல் வைத்தியரைக் காண்க. நீரிழிவு உள்ளவர் அதுவரையும் காத்திருக்க வேண்டாம்.