குளவிக் கொட்டும் ஒவ்வாமையும்: முதல் 15 நிமிடங்களில் செய்ய வேண்டியவை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், ஐம்பது வயதைக் கடந்த ஒருவரை அவருடைய மகன்கள் இருவரும் இருசக்கர வாகனத்தில் நடுவில் உட்காரவைத்து அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவந்தனர். வீட்டின் கொல்லைப்புறத்தில் வேலியை ஒட்டி மண்டியிருந்த செடிகளை அவர் வெட்டிக்கொண்டிருந்தபோது ஒரு குளவி கழுத்தில் கொட்டியிருக்கிறது. மனைவி சுண்ணாம்பு தடவியிருக்கிறார். ஐந்து நிமிடங்களுக்குள் உள்ளங்கை அரித்தது, உடலெங்கும் தடிப்புகள் எழுந்தன, வயிற்றைப் பிசைந்தது. வீட்டிலிருந்த ஒவ்வாமை மாத்திரை ஒன்றை விழுங்கிவிட்டு, சரியாகிவிடும் என்று திண்ணையில் அமர்ந்திருக்கிறார். எங்களிடம் வந்து சேர்ந்தபோது அவருக்கு நினைவில்லை. இரத்த அழுத்தத்தை அளக்க முடியவில்லை.

அவர் பிழைத்துக்கொண்டார். பின்னர் விசாரித்தபோது, முந்தைய ஆண்டும் குளவி கொட்டி உடலெங்கும் தடித்ததும், வேறோர் இடத்தில் ஊசி போட்டுக்கொண்டு வீடு திரும்பியதும் தெரியவந்தன. மறுமுறை கொட்டினால் என்ன நேரலாம், என்ன செய்ய வேண்டும் என்பதை அன்று எவரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை. அதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கொட்டுபவை எவை?

நம் ஊர்களில் தேனீ, குளவி, கதண்டு ஆகிய மூன்றும் கொட்டுகின்றன. தேனீயின் கொடுக்கு முட்களுடையது. தோலில் சிக்கி, நச்சுப்பையோடு அங்கேயே நின்றுவிடும். குளவிக்கும் கதண்டுக்கும் கொடுக்கு பெரும்பாலும் சிக்குவதில்லை. ஆகவே ஒரே குளவி பலமுறை கொட்ட முடியும். கூட்டின் அருகில் ஒன்றை அடித்து நசுக்கினால், அதிலிருந்து வெளிப்படும் வாசனைப் பொருள் கூட்டிலுள்ள மற்றவற்றையும் தாக்குதலுக்கு அழைக்கும். கைவீசி அடிப்பவரே அதிகம் கொட்டுப்படுவதற்கு இதுவே காரணம்.

விளைவுகள் மூன்று வகை

முதல் வகை, கொட்டிய இடத்தில் மட்டும் ஏற்படும் வலி, சிவப்பு, வீக்கம். சிலருக்கு ஒரு விரலில் கொட்டினால் முன்கை முழுவதும் வீங்கும். இவ்வீக்கம் ஒன்றிரண்டு நாட்களில் உச்சத்தை அடைந்து, ஒரு வாரத்துக்கு மேலும் நீடிக்கலாம். பார்ப்பதற்கு அச்சமூட்டினாலும் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை. வாய், தொண்டைக்குள் கொட்டினால் மட்டும் இவ்வீக்கமே மூச்சுப்பாதையை அடைக்கக்கூடும். அப்போது உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

இரண்டாம் வகை, அனாபிலாக்சிஸ் எனப்படும் ஒவ்வாமை அதிர்ச்சி. முன்பு எப்போதோ கொட்டியபோது உடல் அந்நஞ்சுக்கு எதிரான ஒவ்வாமைப் புரதங்களை உருவாக்கி வைத்திருக்கும். மறுமுறை கொட்டும்போது அவை தூண்டப்பட்டு, ஹிஸ்டமின் முதலிய வேதிப்பொருட்கள் உடலெங்கும் ஒரே நேரத்தில் வெளிப்படுகின்றன. இரத்தக் குழாய்கள் விரிந்து இரத்த அழுத்தம் சரிகிறது, மூச்சுக்குழல்கள் சுருங்குகின்றன. இதற்குப் பல கொட்டுகள் தேவையில்லை, ஒன்றே போதும். கடுமையான நிலையில் 15 நிமிட அளவிலேயே இதயம் நின்றுவிடக்கூடும்.

மூன்றாம் வகை, ஒவ்வாமையே இல்லாதவரையும் தாக்கும் நஞ்சின் விளைவு. கதண்டுக் கூட்டம் கலைந்து பலமுறை கொட்டும்போது தசைகளும் இரத்தச் சிவப்பணுக்களும் சிதைந்து சிறுநீரகம் செயலிழக்கலாம். முதல் நாள் நன்றாக இருப்பவருக்கு அடுத்த ஓரிரு நாட்களில் சிறுநீர் குறைந்து கருஞ்சிவப்பாகும். பல கொட்டுகள் பெற்றவர், குறிப்பாகக் குழந்தைகளும் முதியோரும், வலி தணிந்தாலும் மருத்துவமனைக்கு வந்து பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

எப்போது அஞ்ச வேண்டும்?

வலியின் அளவைக் கொண்டு ஆபத்தை மதிப்பிடாதீர்கள். கொட்டிய இடத்துக்கு அப்பால் உடலில் என்ன நிகழ்கிறது என்பதையே பாருங்கள். உள்ளங்கை, உள்ளங்கால், தலை ஆகிய இடங்களில் திடீர் அரிப்பு பெரும்பாலும் முதல் எச்சரிக்கையாக அமையும். அதைத் தொடர்ந்தோ, அது இல்லாமலோ பின்வருவனவற்றுள் ஒன்று தோன்றினாலும் அவசரநிலை எனக் கொள்ளுங்கள்:

• குரல் கம்முதல், நாக்கு வீங்குதல், விழுங்க இயலாமை
• மூச்சுத்திணறல், மூச்சில் விசில் ஒலி
• தலைச்சுற்றல், கண் இருட்டுதல், மயக்கம்
• வாந்தி, வயிற்றுவலி, திடீரென மலம் கழிக்கும் உணர்வு

இறுதியாகச் சொன்ன உணர்வால் நோயாளி தனியே கழிப்பறைக்குச் சென்று, கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளே மயங்கி விழுவதுண்டு. அவரைத் தனியே விடாதீர்கள். சிலருக்குத் தோலில் எந்தத் தடிப்பும் இல்லாமலேயே இரத்த அழுத்தம் சரியும் என்பதையும் மறவாதீர்கள்.

உடனே செய்ய வேண்டியவை

1. கூட்டிலிருந்து விரைந்து விலகுங்கள். தேனீயின் கொடுக்கு தோலில் நின்றிருந்தால் நகத்தாலோ எதனாலோ தாமதமின்றி அகற்றுங்கள். எவ்வாறு எடுப்பது என்பதைவிட எவ்வளவு விரைவில் எடுப்பது என்பதே முக்கியம். மோதிரம், வளையல்களைக் கழற்றிவிடுங்கள்.

2. மேற்கண்ட அறிகுறி ஏதேனும் தோன்றினால், மருத்துவர் முன்பே எழுதிக்கொடுத்த அட்ரினலின் ஊசி இருக்குமாயின் அதனைத் தொடையின் வெளிப்பக்க நடுத்தசையில் உடனே செலுத்துங்கள். ஐந்து நிமிடங்களில் முன்னேற்றம் இல்லையெனில், இரண்டாம் ஊசியும் தரப்பட்டிருந்தால் அதையும் செலுத்தலாம்.

3. 108-ஐ அழையுங்கள். “குளவி கொட்டி மயக்கம்” என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

4. நோயாளியைத் தரையில் படுக்கவைத்துக் கால்களை உயர்த்துங்கள். வாந்தி எடுத்தாலோ, கருவுற்றவராயினோ இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவையுங்கள். மூச்சுத்திணறல் மிகுந்தவர் கால்களை நீட்டி உட்காரலாம். எவரையும் திடீரென எழுப்பி நிறுத்தாதீர்கள், நடக்கவும் விடாதீர்கள்.

இரத்த அழுத்தம் சரிந்தவரை நிமிர்த்தி உட்காரவைத்தால் இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் மேலும் குறைந்து, இதயமே நின்றுவிடலாம். அந்த மகன்கள் தந்தையைக் காப்பாற்றும் பதற்றத்திலேயே வண்டியில் ஏற்றினர். அவர்களைக் குறைசொல்ல இயலாது. ஆயினும் அப்பயணமே அவருக்கு இரண்டாவது ஆபத்தாயிற்று. ஆம்புலன்ஸ் வர வழியே இல்லையெனில், காரிலோ வேனிலோ படுத்த நிலையில் கொண்டுவாருங்கள்.

செய்யக் கூடாதவை

சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் முதலியவற்றைத் தடவுவதால் நஞ்சு முறியாது. அதற்குச் செலவிடும் நிமிடங்களே வீணாகின்றன. செட்டிரிசின் போன்ற ஒவ்வாமை மாத்திரைகள் அரிப்பைக் குறைக்கும். சரிந்த இரத்த அழுத்தத்தை உயர்த்தா, அடைபடும் தொண்டையைத் திறக்கா. ஸ்டீராய்டு ஊசியும் உடனடியாகப் பயன் தராது. ஒவ்வாமை அதிர்ச்சிக்கு முதல் மருந்து அட்ரினலின் ஒன்றே. அது ஆரம்ப சுகாதார நிலையம் உட்பட அருகிலுள்ள மருத்துவமனையில் கிடைக்கும். தொலைவிலுள்ள பெரிய மருத்துவமனையைத் தேடி முதல் ஊசியைத் தாமதப்படுத்தாதீர்கள்.

வீடு திரும்பிய பின்

ஊசிக்குப் பின் நலமானவரையும் சில மணி நேரம் கண்காணிப்பில் வைக்கிறோம். அடங்கிய அறிகுறிகள் சிலருக்குத் திரும்பத் தோன்றும் என்பதே காரணம். “நன்றாகிவிட்டேன், வீட்டுக்கு விடுங்கள்” என்று தயவுசெய்து வற்புறுத்த வேண்டாம்.

வீடு திரும்புமுன் உங்கள் மருத்துவரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அட்ரினலினை வீட்டில் வைத்திருக்க வேண்டுமா? பேனா வடிவ ஊசி நம் நாட்டில் எளிதாகக் கிடைப்பதில்லை. மருந்துக்குப்பியும் சிரிஞ்சும் தரப்பட்டால் உங்களுக்குரிய அளவையும் செலுத்தும் முறையையும் வீட்டிலுள்ள இருவர் செய்துபார்த்துப் பழக வேண்டும். மருந்தை வெயிலும் வெப்பமும் படாமல் வைத்து, காலாவதி நாளைக் கவனியுங்கள். இரண்டாவது, இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ நான் உட்கொள்ளும் மாத்திரைகளை மாற்ற வேண்டுமா? பீட்டா தடுப்பு வகை மாத்திரைகள் அட்ரினலினின் பயனைக் குறைக்கக்கூடும்; எனினும் அவற்றை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மூன்றாவது, எனக்கு நஞ்சுத் தடுப்பு ஊசிச் சிகிச்சை பொருந்துமா? சிறுசிறு அளவில் நஞ்சைச் செலுத்தி உடலைப் பழக்கும் இச்சிகிச்சை 3 முதல் 5 ஆண்டுகள் நீளும். எல்லா ஊர்களிலும் கிடைப்பதில்லை. கிடைக்குமிடத்தில் மிகுந்த பாதுகாப்பு அளிக்கும்.

தோட்ட வேலைக்கு முன்

செடிகளை வெட்டுமுன் வேலி, இறவாணம், பம்புசெட் அறை, தென்னை பனைகளின் காய்ந்த மட்டை, மரப்பொந்து ஆகியவற்றைச் சற்றுத் தொலைவிலிருந்து ஐந்து நிமிடம் கவனியுங்கள். ஒரே இடத்துக்குக் குளவிகள் போய்வந்தால் அங்கே கூடு உண்டு. புல்வெட்டும் இயந்திரத்தின் அதிர்வும் கூட்டைக் கலைக்கும். முழுக்கைச் சட்டை, மூடிய காலணி அணியுங்கள். கூட்டுக்குத் தீ வைக்காதீர்கள், கல்லெறியாதீர்கள். தீயணைப்புத் துறையை 101-இல் அழையுங்கள். முன்பு ஒவ்வாமை வந்தவர் தனியே இவ்வேலையில் இறங்கவே கூடாது.

தொடக்கத்தில் குறிப்பிட்டவர் இப்போதும் தம் கொல்லையைப் பராமரிக்கிறார். வேலி வெட்டும் வேலையை மட்டும் மகன்களிடம் விட்டுவிட்டார். அவருடைய ஊசிமருந்து எங்கே இருக்கிறது என்பது வீட்டிலுள்ள அனைவருக்கும் தெரியும். உங்கள் வீட்டில் எவருக்கேனும் ஒருமுறை குளவி கொட்டி உடலெங்கும் தடித்திருந்தால், அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, கேட்காவிட்டாலும் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.